ஊர் இளைஞர் மன்றத்தில் சேரப் போகிறேன், பெண்களுக்குச் சந்தா வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

வரத்துக்கால் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சிவகங்கை மாவட்டம், இளையான்குடி பக்கம் ஒரு கிராமம். வயது 21. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஓர் இளைஞர் நற்பணி மன்றம் இருக்கிறது. பலகையோடு நின்றுபோன மன்றம் என்று நினைக்க வேண்டாம், உண்மையிலேயே வேலை செய்கிறவர்கள். பொங்கலுக்கு விளையாட்டு விழா, கோடையில் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் தண்ணீர்ப் பந்தல், வருடம் ஒரு கபடிப் போட்டி. போன மழைக்கு முன்னால் வரத்துக்காலை அடைத்துக் கிடந்த சீமைக்கருவேலத்தை அவர்கள்தான் வெட்டி அள்ளினார்கள். அதனால்தான் ஊரணிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். மந்தையை ஒட்டி மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டடமும் உண்டு.

நான் சேர நினைப்பதற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பவே ஆறரை ஆகிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் தடுமாறுகிறார்கள். முக்கியமாகப் பொம்பளப் பிள்ளைகள் கணக்கில் தவறிவிட்டால் அதோடு படிப்பு நின்றுவிடுகிறது. என் தெருவிலேயே அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள். இரவு ஏழிலிருந்து எட்டரை வரை அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு முடியும். என் வீட்டுத் திண்ணையில் நாலு பேருக்கு மேல் உட்கார இடம் கிடையாது. மன்றத்தின் பெயரில் நடத்தினால் இடமும் கிடைக்கும், நான் வேலைக்குப் போன பிறகும் வேறு யாராவது தொடர்வார்கள்.

மன்றச் செயலாளர் எனக்குச் சித்தப்பா மகன், அண்ணன் முறை. கேட்டேன். "தாராளமா வா, உன்னை யார் வேண்டாம்னு சொன்னது? ஆனா பொம்பளப் பிள்ளைங்களுக்குச் சந்தா கிடையாது. கூட்டத்துக்கும் வர வேண்டியதில்ல. பொங்கலுக்குக் கோலப்போட்டியையும் சின்னப் பிள்ளைங்க போட்டியையும் நீ பார்த்துக்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆண்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 500, மாதச் சந்தா 100. கூட்டம் முதல் ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணிக்கு மேல், மந்தையில்.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. வரன் பார்க்கும் நேரத்தில் மந்தையில் போய் உட்கார்ந்தால் பேச்சு வரும் என்கிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை. எங்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருவர், "நீங்களே தனியாக ஒரு மகளிர் மன்றம் ஆரம்பித்துவிடுங்கள், தொல்லை இல்லை" என்கிறார்.

சந்தா கட்டாமல், கூட்டத்துக்கும் போகாமல் இருப்பது உறுப்பினராக இருப்பதுதானா? தனி மன்றம் நல்லதா? மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திராவில் சொன்னால் ஏதாவது உதவி கிடைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செவக்காடு எழுதியது:

தங்கச்சி, எனக்கு அறந்தாங்கிப் பக்கம். நேரு யுவ கேந்திராவில் தேசிய இளைஞர் தொண்டராக இருந்தேன். ஒன்றியத்துக்கு இரண்டு பேர் எடுப்பார்கள், மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். ஊர் ஊராகப் போய் மன்றங்களைப் பார்ப்பது, இல்லாத ஊரில் ஆரம்பிக்க வைப்பது, இருக்கிற மன்றத்தை உயிரோடு வைத்திருப்பது, இதுதான் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சந்தா. கட்டுங்கள். 500-ஐயும் கட்டுங்கள், மாதம் 100-ஐயும் கட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். வேண்டாம் என்று உங்கள் அண்ணன் சொல்வது பாசத்தில்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சந்தாப் பேரேட்டில் பெயர் இல்லாதவர் உறுப்பினர் பட்டியலில் இருக்க மாட்டார். பட்டியலில் இல்லாதவருக்குப் பொதுக்குழுவில் கை தூக்க உரிமை இல்லை. நாளைக்கு மன்றத்தின் ஓர் அறையை வகுப்புக்கு ஒதுக்கலாமா, கபடித் திடலுக்குக் கூடுதல் விளக்குப் போடலாமா என்று ஒரு கேள்வி வந்தால், முடிவு செய்கிற இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இடம்தான். மாதம் 100 ரூபாய் வீட்டில் சிரமம் என்றால், படிக்கிறவர்களுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் சந்தா 20 ரூபாய் என்று ஆண், பெண் எல்லாருக்கும் சேர்த்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வேலையில்லாத பையன்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

இரண்டாவது, தனியாகப் போகாதீர்கள். ஒரு பெண் மட்டும் போனால் அது "அந்தப் பிள்ளை" என்று ஆகிவிடும். நாலைந்து பேராகப் போனால் அது வெறும் செய்தி. கல்லூரி முடித்தவர், நர்சிங் படிக்கிறவர், கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கிறவர் என்று கலந்து போங்கள். நேரு யுவ கேந்திரா கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 29 வயது வரை. 29-க்குள் இருக்கும் மருமகள்கள் நிறையப் பேர் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதே இல்லை. என் அனுபவத்தில் மன்றத்தில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள்தான். பையன்கள் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவார்கள், இவர்கள் ஊரில் இருப்பார்கள்.

தனி மகளிர் மன்றம் பற்றி. நான் போன ஊர்களில் அப்படி ஆரம்பித்தவை உண்டு. பலகை வைத்தார்கள், ஒரு தையல் வகுப்பு நடந்தது, தலைவி கல்யாணமாகிப் போனதும் நின்றுவிட்டது. கட்டடம், வெளிநாட்டுப் பணம், ஊரில் செல்வாக்கு எல்லாம் பழைய மன்றத்திடமே இருந்தது. உங்கள் ஊர் மன்றம் வரத்துக்காலைச் சுத்தம் செய்யும் அளவுக்குத் தெம்பான மன்றம். அதை விட்டு விலகி நின்று, வெறுங்கையோடு இன்னொன்றை ஏன் தொடங்க வேண்டும்? அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்தவர்கள் வீட்டுக்கும் அந்த மன்றத்தில் பங்கு உண்டு.

கூட்ட நேரம்தான் உண்மையான பூட்டு. இரவு ஒன்பது மணிக்கு மந்தையில் கூட்டம் என்றால், பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லத் தேவையே இல்லை. ஆகவே நீங்கள் வைக்கும் முதல் கோரிக்கை, ஞாயிறு மாலை நாலு மணி, கட்டடத்துக்குள் அல்லது பள்ளிக்கூடத்தில் என்று இருக்கட்டும். நான் பார்த்த ஒரு ஊரில் இதை மட்டும்தான் மாற்றினார்கள். அடுத்த கூட்டத்திலேயே பேச்சு மாறியது. பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை என்பது அதுவரை ஒருமுறைகூட அங்கே பேசப்படவில்லை. டவுனிலிருந்து ஆறரை பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் அதுதான் முதல் பொருளானது. ஊராட்சிக்கு மனு எழுதி, போய் நின்று, விளக்கைப் போட வைத்தார்கள்.

அம்மாவைப் பற்றி. அவருடைய பயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஊர்ப் பேச்சை அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும். எங்கள் அம்மா கதை ஒன்று சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும் மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினார்கள். எங்கள் அம்மாவும் பழகினார். ரோட்டில் அவர் போகும்போது பேசாத பேச்சில்லை. ஆனால் ஊரில் பாதிப் பெண்கள் சைக்கிளில் போக ஆரம்பித்த பிறகு பேசுவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கூட்டமாகப் போங்கள். முதல் கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் உட்கார்ந்து பார்க்கட்டும். தன் கண்ணால் பார்த்தவரிடம் மற்றவர்கள் வந்து கதை சொல்ல முடியாது.

நேரு யுவ கேந்திரா 1972-இல் தொடங்கியது. இப்போது மாவட்ட அலுவலகங்கள் மை பாரத் என்ற பெயரில் இயங்குகின்றன. மை பாரத் 2023 அக்டோபர் 31-இல் வந்தது, இணையதளத்தில் பெயர் பதியலாம். சிவகங்கையில் மாவட்ட இளைஞர் அலுவலரைப் போய்ப் பாருங்கள். பெரிய நிதி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பயிற்சி கிடைக்கும், விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பலாம், மற்ற ஊர் மன்றங்களின் தொடர்பு கிடைக்கும். என் மதிப்பில் இந்தத் தொடர்புதான் பெரிது. கணக்கு வகுப்பு நடத்துகிற இன்னொரு பெண் பக்கத்து ஒன்றியத்தில் இருக்கலாம்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

சங்கப் பதிவு வேலைகளோடு தினமும் புழங்குகிறவன். செவக்காடு அக்கா சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள்.

மன்றம் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். பதிவு செய்திருந்தால் துணை விதிகள் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, ஓட்டு யாருக்கு என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். "பெண்களுக்குச் சந்தா இல்லை" என்பது அந்தத் தாளில் இருக்கிறதா, வழக்கத்தில் வந்ததா என்று பாருங்கள். அநேகமாக வழக்கமாகத்தான் இருக்கும். அப்படியானால் அதை மாற்ற விதியைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை, உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் போதும்.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சேர்ந்தவர்கள் வாய்ப்பேச்சாகவே போய்விடுவார்கள். செயற்குழுவில் ஏற்று, தீர்மானப் புத்தகத்தில் பெயரெழுத வேண்டும். இன்னொன்று, செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடிக் கணக்கை வைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியாட்களின் ஜிபே-க்குப் பணம் வருகிற மன்றங்களில் நல்ல பிள்ளைகளுக்கே கெட்ட பெயர் வந்து பார்த்திருக்கிறேன். மன்றத்தின் பெயரில் பான் அட்டை எடுத்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, இரண்டு பேர் கையெழுத்து என்று வைத்துக்கொள்வது எல்லாருக்கும் பாதுகாப்பு. கணக்கு முடித்தவர் நீங்கள். வரவு செலவு நோட்டை எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எந்த மன்றத்திலும் அந்த வேலைக்குப் போட்டியே இருக்காது, அதே நேரம் எல்லாக் கூட்டத்திலும் நீங்கள் இருந்தாக வேண்டும்.

---

தெக்கித்தெரு எழுதியது:

எல்லாரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். உங்கள் ஊர் மன்றத்தில் காலனிப் பிள்ளைகள் உறுப்பினரா?

எங்கள் ஊரிலும் நற்பணி மன்றம் உண்டு. எங்கள் தெருப் பையன்கள் கபடி ஆடுவார்கள், கோப்பை வாங்கித் தருவார்கள், ஃபிளெக்ஸில் படம்கூட வரும். உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயர் கிடையாது. கேட்டால் "நீங்க எல்லாம் நம்ம பசங்கதானே, உங்களுக்கு எதுக்குச் சந்தா" என்பார்கள். உங்கள் அண்ணன் உங்களிடம் சொன்ன அதே வார்த்தை. அதைப் படித்ததும்தான் இதை எழுதத் தோன்றியது.

இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் எண்ணம் நல்ல எண்ணம், அதனால்தான் சொல்கிறேன். வகுப்பை மந்தைக் கட்டடத்தில் வைத்தால் காலனியிலிருந்து ராத்திரி ஏழு மணிக்கு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டார். பள்ளிக்கூடம் பொது இடம், நூலகம் பொது இடம். அங்கே வையுங்கள். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். உங்கள் ஊராட்சியிலும் ஒன்று இருக்கும், பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும்.

உங்களோடு சேரப் போகிற நாலைந்து பெண்களில் ஒருவராவது அங்கிருந்து இருக்கட்டும். அவருடைய விண்ணப்பமும் உங்கள் விண்ணப்பமும் ஒரே நாளில் ஒரே கட்டாகப் போகட்டும். எங்கள் பக்கம் கணக்கு நன்றாக வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை.

---

வரத்துக்கால் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தெக்கித்தெரு அண்ணே, நீங்கள் கேட்டதை நான் யோசித்தே பார்க்கவில்லை. விசாரித்தேன், பட்டியலில் அவர்கள் யாரும் இல்லை. கல்லூரிக்கு என்னோடு ஒரே பஸ்ஸில் வந்த தோழி ஒருத்தி காலனியில் இருக்கிறாள், இப்போது டி.பார்ம் படிக்கிறாள். பேசினேன். அவளுடைய அம்மாவுக்கும் என் அம்மா மாதிரியே பயம், ஆனால் காரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் வருகிறேன் என்றாள். அவளோடு சேர்த்து இப்போது ஐந்து பேர் இருக்கிறோம்.

அண்ணனிடம் துணை விதிகளைக் கேட்டேன். பழைய தலைவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும், எடுத்துத் தருகிறேன் என்றார். சந்தா கட்டுவேன் என்றதற்குச் சிரித்தார், மறுக்கவில்லை. காலனித் தோழியும் வருகிறாள் என்றபோது சிரிப்பு நின்றது. "கூட்டத்தில் வைத்துப் பார்ப்போம்" என்றார். நான் அவளை விட்டுவிட்டுச் சேரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

நூலகம் இருக்கிறது, பூட்டித்தான் கிடக்கிறது. யாரிடம் கேட்பது? இப்போது ஊராட்சித் தலைவரே இல்லையே.

---

பத்திரக்கட்டு எழுதியது:

2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஓடுகிறது. மனுவைத் தனி அலுவலர் பெயரில் எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். சாவி ஊராட்சிச் செயலரிடம் இருக்கும், அவருக்கும் ஒரு நகல்.

அதோடு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நடக்கும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் பேசலாம், இதற்கு யாரிடமும் உறுப்பினராக வேண்டியதில்லை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஐந்து பேரும் வீட்டு ஆட்களோடு போனாலே கணிசமான எண்ணிக்கை. "நூலகக் கட்டடத்தை மாலை நேரப் படிப்பகமாகத் திறக்க வேண்டும், மின் இணைப்புச் சரிசெய்ய வேண்டும்" என்று ஒரே தீர்மானமாகக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த வரியை எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று எல்லா ஊராட்சிகளுக்கும் கொடுக்கும் திட்டம் தொடங்கினார்கள். உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு விளையாட ஏதாவது அதில் நிச்சயம் இருக்கும்.

---

செவக்காடு எழுதியது:

தங்கச்சி, தோழியை விடாமல் நின்றீர்கள் பாருங்கள், மனசு நிறைந்தது.

ஒன்று மட்டும். கூட்டத்தில் உங்கள் ஐந்து பேர் விண்ணப்பத்தையும் தனித்தனியாக எடுத்துப் பேச விடாதீர்கள். "ஐந்தையும் சேர்த்து ஒரே தீர்மானம்" என்று முன்மொழிய, மன்றத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு பையனை முன்கூட்டியே பேசி வையுங்கள். வரத்துக்கால் வேலையில் முன்னால் நின்றவர் யாராவது இருப்பார், அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அன்றைக்குத் தள்ளி வைத்தாலும் வகுப்பைத் தள்ளி வைக்காதீர்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து, வராந்தாவில் ஆரம்பித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வந்துவிடும். பழைய வினாத்தாள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன்.